விழிஞ்ஞத்துக் கடலும் வீட்டு உஷ்ணமும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் கடலோரத்தே அமைந்துள்ள விழிஞ்ஞம், தமிழ்நாட்டு வரலாற்றைப் பயின்றோருக்குப் புதிய பெயரன்று. ஆய் மரபு மன்னரின் துறைமுகமாய் விளங்கிய அவ்வூரின்மேல் பாண்டியரும் சோழரும் காலத்துக்குக் காலம் படையெடுத்தனர். கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று பழஞ்சாசனம் அதனைக் கூறும். பாறையிற் குடைந்த சிறு கோயில் ஒன்று அங்கு இன்றும் நின்று அப்பழமைக்குச் சான்று பகர்கின்றது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி அங்குப் பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது முதல் அதன் பெயர் மறுபடியும் எல்லார் வாயிலும் அடிபடுகின்றது.

ஆயினும் போரையும் கப்பலையும் பற்றி நாம் இப்போது பேசப் போவதில்லை. விழிஞ்ஞத்தில் 1991ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வேறொரு காரியம் நடைபெற்றது. கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் இந்தியாவில் முதன்முதலாக அங்கே இயங்கத் தொடங்கிற்று. அவ்வாறு அரிதின் முயன்று பெறும் மின்சாரத்தை நாம் நம் வீடுகளில் எவ்வாறு செலவிடுகின்றோம் என்பதே நம் கேள்வி. பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் திருவனந்தபுரத்திலும் வாடகை வீடுகளில் வாழும் நம்மவர்க்கு மாதந்தோறும் வரும் மின்கட்டணச் சீட்டு இக்கேள்வியை ஓயாது எழுப்பிக்கொண்டிருக்கின்றது.

வீட்டின் உஷ்ணத்தை அளவோடு நிறுத்தும் வேலையை முன்னாளில் கடலே செய்து வந்தது. பகலில் நிலம் விரைந்து சூடேறும். கடலோ மெல்லத்தான் சூடேறும். நிலத்தின்மேல் உள்ள காற்று சூடாகி மேலெழ, கடற்காற்று உள்ளே புகும். இரவில் நிலம் விரைந்து குளிர, காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குச் செல்லும். விழிஞ்ஞத்து மீனவர் விடியுமுன் கட்டுமரம் ஏறிச் செல்வதும், பிற்பகலில் கரை திரும்புவதும் இவ்விரு காற்றுகளையும் நம்பியே வழக்கமாயின. திருவனந்தபுரத்தில் கோடைக்கும் மாரிக்கும் இடையே உஷ்ண வேற்றுமை மிகச் சிறிது. தொல்லை தருவது ஈரம். காற்று நின்றுவிட்டால் வியர்வை உலராது, உடல் புழுங்கும்.

இதனை அறிந்தே அக்காலத்தார் வீடு கட்டினர். திருவனந்தபுரத்துக் கோட்டைக்குள்ளே பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்துள்ள அக்கிரகாரத் தெருக்களைக் கண்டவர்க்கு இது விளங்கும். வீட்டோடு வீடு ஒட்டிப் பக்கச் சுவர்கள் பொதுவாய் நிற்பதால், வெயில் முகப்பையும் பின்புறத்தையும் கூரையையும் அன்றி வேறெதனையும் தீண்டாது. நடுவில் உள்ள முற்றம் சூடேறிய காற்றை மேலே போக்கும். வாயில் வழியே புதுக்காற்று உட்புகும். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையில் மரச் சட்டங்களைச் சாய்த்துப் பொருத்திய சாளரங்களைக் காணலாம். வெயிலும் மழையும் புகாமல் காற்று மட்டும் புகுமாறு அவை அமைந்துள்ளன. அவ்வரண்மனைக்குள் நண்பகலில் நுழைந்தவர் எவரும் அந்தக் குளிர்ச்சியை மறப்பதில்லை.

உஷ்ணத்தை உணர்வது வேறு, அளப்பது வேறு. அளக்கும் பணி திருவனந்தபுரத்தில் தொடங்கிய வரலாறு சுவையானது. நம்மவரிற் பலர் அறியாதது. இசைக்குப் பேர்போன சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் அந்நகரின் குன்றொன்றின் மேல் வானாராய்ச்சிக் கூடம் ஒன்றை நிறுவினார். ஜான் கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர் அதன் முதல் தலைவராய் அமர்ந்தார். ஆலப்புழையில் வர்த்தகக் காரியங்களைக் கவனித்து வந்தவர் அவர். வானநூலில் ஈடுபாடு கொண்டு, தம் சொந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு விண்ணை நோக்கிக் கொண்டிருந்தவர். வானத்தை மட்டும் அளந்தாரில்லை, மண்ணையும் அளந்தார். 1842 முதல் 1845 வரை, பூமிக்குள் மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி ஆழங்களில் உஷ்ணமானிகளைப் புதைத்து, அவை காட்டிய அளவுகளை இடைவிடாது குறித்து வந்தார். அக்குறிப்புகள் எடின்பரோ ராயல் சொஸைட்டியின் வெளியீட்டில் அச்சாயின. பூமியின் உள்வெப்பத்தை ஆராய்ந்த ஐரோப்பிய அறிஞர்க்கு, வெப்ப மண்டலத்து ஊர் ஒன்றிலிருந்து கிடைத்த அரிய செய்தி அது.

அவருக்குப்பின் 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நாம் பொதிகை என்று போற்றும் அகத்தியமலையின் உச்சியில், காடும் அட்டையும் யானையும் மிகுந்த இடத்தில், 1855இல் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தைக் கட்டுவித்தார். குறுமுனிவர் அமர்ந்ததாக நாம் கேட்டுள்ள மலைமேல் உஷ்ணமானியும் காந்தக் கருவியும் அமர்ந்தன. சமவெளியிலும் மலையிலும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவதே அவர் நோக்கம். திருவனந்தபுரத்து வானாராய்ச்சிக் கூடம் இன்றும் கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

மண்ணுக்குள் உஷ்ணமானியைப் புதைப்பதால் வீட்டுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பகல் வெயிலின் சூடு மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மெல்ல மெல்லத்தான் இறங்கும். ஆழம் செல்லச் செல்ல அதன் ஏற்றத்தாழ்வு தேய்ந்துவிடும். ஒன்றரை அடிப் பருமனுள்ள வெட்டுக்கல் சுவர் பகற்சூட்டை உள்ளே விடத் தயங்குவது இதனாலேதான். இக்காலத்துக் கான்கிரீட் கூரையோ மெல்லியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் வேளையில் அதனை அறைக்குள் உமிழ்கின்றது. ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போட்ட வீட்டார் பலர், நள்ளிரவில் விசிறியின் கீழும் புழுங்குவதன் காரணம் அதுவே.

இனி, உஷ்ணத்தை நாம் விரும்பும் அளவில் தானே நிறுத்திக் காக்கும் கருவியின் கதைக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியில் கச்சேரிகளிலும் பங்களாக்களிலும் அந்த வேலையைப் பங்கா இழுக்கும் மனிதன் செய்தான். கூரையில் தொங்கிய பெருந்துணி விசிறியைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் அவன் உட்கார்ந்திருப்பான். துரைக்குப் புழுங்கினால் குரல் வரும், வேகமாய் இழுப்பான். குரல் அடங்கினால் கை தளரும். வாயிலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். அதன்மேல் நீர் தெளிக்க வேறோர் ஆள். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டி சேமித்து வைக்கப்பட்டது. அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம்.

மேனாட்டில் இக்கருவி பிறந்தது கோழிக்குஞ்சுக்காக என்றால் வியப்பாயிருக்கும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் வாழ்ந்த டச்சுக்காரரான கொர்னேலியஸ் டிரெப்பல், முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றை அமைத்தார். சூடு மிகுந்தால் குழாய்க்குள் இருந்த திரவம் விரிந்து அடுப்பின் காற்றுவாயை மூடும், குறைந்தால் திறக்கும். மனிதன் காவலிருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. 1830இல் ஸ்காட்லாந்து ரசாயன அறிஞர் ஆண்ட்ரூ யூர் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகட்டைப் பயன்படுத்தினார். சூடேறினால் ஒரு உலோகம் மற்றதினும் மிகுதியாய் விரியும்; அதனால் தகடு வளையும்; அந்த வளைவே கதவைத் திறக்கும் அல்லது மூடும். அதற்கு அவர் இட்ட பெயர்தான் தெர்மோஸ்டாட். நம் இஸ்திரிப் பெட்டிகளில் ‘டக்’ என்னும் ஒலியோடு மின்சாரத்தை நிறுத்துவது அந்த ஈருலோகத் தகடேயாகும்.

வீட்டு வாழ்வுக்கு அதனைக் கொணர்ந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்பவர் பாடம் நடத்திக் கொண்டிருக்கையில், பள்ளிப் பணியாள் அடிக்கடி வகுப்புக்குள் வந்து உஷ்ணமானியைப் பார்ப்பானாம். பின் நிலவறைக்கு இறங்கி உலையின் கதவைத் திருத்துவானாம். இந்த இடையூற்றைப் பொறாத ஆசிரியர், அறையிலிருந்தே மின்சாரத்தால் செய்தி அனுப்பும் கருவியைச் செய்து, 1883இல் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பனி கொட்டும் நாட்டில் அறையைச் சூடாக்கப் பிறந்த அக்கருவி, நம் நாட்டில் அறையைக் குளிர்விக்கும் யந்திரத்துக்குள் குடிபுகுந்தது.

திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்தது 1929இல். அந்நாளில் அது விளக்குக்கும் சில விசிறிகளுக்குமே போதியதாயிருந்தது. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் மலையாறுகளே கேரளத்துக்கு மின்சாரம் தந்தன. மழை பொய்த்தால் அணை வற்றும். அணை வற்றினால் வெளிமாநில மின்சாரத்தை விலைகொடுத்து வாங்க வேண்டும். 2024ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. அந்த உச்சம் மாலை விளக்கேற்றும் வேளையிலன்றி, இரவு பத்து மணிக்குப் பின்னர் ஏற்பட்டது. கான்கிரீட் கூரை உமிழும் சூடும், அதனோடு போரிடும் ஏர்கண்டிஷனர்களும் மோதும் நேரம் அது. சுமை தாங்காத மின்மாற்றி நின்றுவிட்டால், ஏர்கண்டிஷனர் இல்லாத வீட்டின் விசிறியும் சேர்ந்தே நிற்கும். ஒருவர் அறையின் குளிர்ச்சி அடுத்த வீட்டுக் குழந்தையின் உறக்கத்தைத் தொடுகின்றது.

விழிஞ்ஞத்து அலைமின் நிலையம் இந்த இடத்தில்தான் நமக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படுகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் அறிஞர்கள் பல்லாண்டு ஆராய்ந்து, மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி அதனை நிறுவினர். கடலடியில் நிறுத்திய மாபெரும் கான்கிரீட் பெட்டி. அதன் கீழ்ப்புறத்தே ஒரு வாய். அலை உட்புகும்போது பெட்டிக்குள் நீர்மட்டம் உயர்ந்து மேலுள்ள காற்றைத் தள்ளும். அலை பின்வாங்கும்போது காற்றை உள்ளிழுக்கும். பெட்டி மூச்சுவிடுவது போன்ற இச்செயலில், காற்று எத்திசையில் சென்றாலும் ஒரே திசையிற் சுழலும் விசையாழியைப் பொருத்தினர். பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் கண்டுபிடித்த அமைப்பு அது. நிலையத்தின் திறன் 150 கிலோவாட். ஆனால் கடல் எந்நாளும் ஒரே சீராய் இராது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சராசரி 75 கிலோவாட்டும், டிசம்பர் முதல் மார்ச் வரை 25 கிலோவாட்டும் கிடைக்கும் என்பது கணக்கு. பிற்காலத்தில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதனை ஏற்று நடத்திற்று. 2004இல் அதே மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் காட்டினர். சோதனை முடிந்தபின் நிலையம் நிறுத்தப்பட்டது. அதனைத் தோல்வி என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. உப்புக் காற்றிலும் பருவப் புயலிலும் யந்திரத்தை நிறுத்திவைத்துக் கற்ற பாடம் ஏட்டிற் கிடைப்பதன்று.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒன்றரை டன் ஏர்கண்டிஷனர் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின், பருவமழைக் காலத்தில் அரபிக்கடல் முழு மூச்சாய் அலையெறிந்து விழிஞ்ஞத்தில் தந்த சராசரி மின்சாரம் 50 ஏர்கண்டிஷனர்களுக்கே சரியாய்ப் போகும். இனி அக்கணக்கின் மறுபக்கம். உஷ்ண அளவை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவிகித மின்சாரம் மிஞ்சும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் நிறுவனம் கூறுகின்றது. 18 டிகிரியில் வைத்த கருவியை 24க்கு உயர்த்தினால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஆகவே 150 வீட்டார் அவ்வாறு செய்தால், விழிஞ்ஞத்து நிலையம் தந்த அதே 75 கிலோவாட் மிச்சமாகும். இதற்கு அணையும் வேண்டா, அலைதடுப்புச் சுவரும் வேண்டா. விரல்நுனி ஒன்று போதும்.

ஒரு டிகிரிக்கு இத்துணை வேற்றுமை எதனால்? வெளியே 32 டிகிரி, உள்ளே 24 எனில் வேற்றுமை 8. உள்ளே 18 எனில் வேற்றுமை 14. வெளிச்சூடு சுவர் வழியாகவும் சாளர இடுக்கு வழியாகவும் உள்ளே புகும் வேகம் அவ்வேற்றுமையைப் பொறுத்தது. அறையை எவ்வளவுக்குக் குளிர்விக்கின்றோமோ அவ்வளவுக்கு வெளிச்சூட்டை நாமே வருந்தி அழைக்கின்றோம் எனலாம்.

நம் வீடுகளில் பரவலாயுள்ள ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெயிலில் அலைந்து வீடு திரும்பியவர், அறை விரைவாய்க் குளிரட்டும் என்று எண்ணை 16க்கு இறக்குவார். சாதாரண யந்திரத்தில் இதனால் வேகம் கூடுவதில்லை. 24இல் வைத்தாலும் 16இல் வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் உழைக்கும். 24 வந்ததும் நிற்க வேண்டியது நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும், அவ்வளவே. ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் 16ஐ அது எட்டவும் மாட்டாது. நள்ளிரவில் குளிர் தாங்காமல் கம்பளியைத் தேடுவோர் அநேகர். பணம் கொடுத்து மார்கழியை வாங்கி, மறுபடியும் பணம் கொடுத்துக் கம்பளி வாங்குவது என்ன சிக்கனமோ!

இந்நிலையைக் கருதியே 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி முதல், நட்சத்திரக் குறியிட்டு விற்கப்படும் அறை ஏர்கண்டிஷனர்கள் எல்லாம், திறந்தவுடன் 24 டிகிரியில் நிற்குமாறு அமைய வேண்டும் என்று விதி செய்தனர். அதன்பின் ஏற்றவோ இறக்கவோ உரிமை நமதே. ஜப்பானில் 2005 முதலே கோடைக்காலத்தில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைத்து, கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் இயக்கம் நடந்து வருகின்றது.

24 தான் யாவர்க்கும் இதமான அளவா என்றால், அன்று. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் எம். ஆர். சர்மாவும் ஷராபத் அலியும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டார்க்கு இதமான நிலை அவர்கள் வகுத்த அளவையின்படி 25 முதல் 30 வரை என்றும், மிக இதமானது 27.5 என்றும் கண்டனர். உஷ்ணம், ஈரம், காற்றின் வேகம் மூன்றையும் சேர்த்து வகுத்த அளவை அது. விசிறி சுழன்றால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாற்போல் உடல் உணரும். ஆதலின் ஏர்கண்டிஷனரை 26இல் வைத்து விசிறியையும் மெல்லச் சுழலவிடுவது, 23இல் வைத்து விசிறியை நிறுத்துவதினும் மலிவு, இதமும் குறையாது. முதியோரும் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீட்டில், அனல் வீசும் நாட்களில் சிக்கனத்தை எண்ணி யந்திரத்தை முடக்குதல் தகாது. அளவை உயர்த்துவது வேறு, அறவே நிறுத்துவது வேறு.

ஆமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஊர்விட்டு ஊர் சென்ற நமக்கு மிகவும் நெருக்கமானது. டில்லி, ஆமதாபாத், சென்னை, பெங்களூர், சிம்லா ஆகிய ஊர்களின் அலுவலகங்களில் அமர்ந்து வேலை செய்வோரை, ‘இப்போது உமக்கு எப்படி இருக்கின்றது?’ என்று பருவந்தோறும் கேட்டனர். வெளியில் சென்ற சில வாரங்களாய் நிலவிய உஷ்ணத்தைப் பின்பற்றியே உடலின் விருப்பமும் ஏறி இறங்குகின்றது என்று தெரிய வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து டில்லிக்குச் சென்றவர் முதல் ஜனவரியில் நடுங்குவதும், ஐந்தாம் ஜனவரியில் ஒரு சட்டையோடு காய்கறி வாங்கப் போவதும் இதனாலேதான். அறையை ஆண்டு முழுவதும் 20 டிகிரியில் பூட்டி வைப்பவர் உடலுக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதேயில்லை. மின்சாரம் நின்ற நாளில் அவர் படும்பாடு பெரும்பாடு.

யந்திரம் இல்லாமலே வீட்டைக் குளிர்விக்கலாம் என்று திருவனந்தபுரத்தில் நம் காலத்தில் மெய்ப்பித்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917இல் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்தபின் இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட கட்டடக்கலைஞர் அவர். விழிஞ்ஞத்துக்கு வடக்கே உள்ள பூந்துறையில் மீனவர்க்காக 1970களில் வீடுகளை அமைத்தபோது, அவற்றை ஒரே வரிசையில் அடுக்காமல் முன்னும் பின்னுமாய் நிறுத்தினார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று கிட்டிற்று. கண்ணாடிச் சாளரத்துக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளிவிட்டு அடுக்கிய வலைச்சுவர்களைக் கட்டினார். நகரில் உள்ளூரில் 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களும் அவர் கைவண்ணமே. அங்குள்ள கணிப்பொறிக் கூடத்துக்கு இரட்டைச் சுவர் வைத்தார். வெளிச்சுவர் வெயிலைத் தாங்கும், இடையே காற்று உலவும், உட்சுவர் சூடேறாது.

வாடகை வீட்டில் வாழ்வோர் சுவரை மாற்ற இயலாது. ஆயினும் மேற்குச் சாளரத்தின் வெளிப்புறம் மூங்கில் தட்டி தொங்கவிடலாம். திரைச்சீலையை உட்புறம் தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைக் கடந்தபின்னரே தடுக்கப்படும், பயன் பாதிதான். மேல்மாடியில் குடியிருப்போர் வீட்டுக்காரரிடம் சொல்லி மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசச் செய்யலாம், செலவு அற்பம். டில்லியிலும் நாகபுரியிலும் ஏப்ரல், மே மாதங்களின் வறண்ட காற்றில் நீர்த்தட்டியுள்ள கூலர் நன்கு வேலை செய்யும். ஜூலையில் மழை வந்ததும் அதனை மூடி வைத்துவிட வேண்டியதுதான். அக்கூலரைச் சென்னையில் உள்ள பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைகள் உண்டு. கடற்கரை ஈரத்தில் அது அறையை இன்னும் புழுக்கமாக்கும். அவர்களுக்கு நல்ல விசிறி ஒன்றை அனுப்புவதே மேல்.